ஒரு மத்தியானத்து வீட்டுக்காரி

வில்லோ பிரிட்ஜ், ஒஹாயோ
மார்ச் 5, 2022

அன்புள்ள தம்பி எம்மெட்டுக்கு,

நான் சுகம். நீயும் மார்லாவும் சுகம்தானே? அரிசோனாக் காற்று அவள் மூச்சுக்கு ஒத்துக்கொள்கிறதா? ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். இப்போதாவது படுக்க முடிகிறதா?

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் சரிதான். போனில் நாம் சுகமா என்று ஆரம்பித்து, அம்மாவின் பீங்கான் அலமாரி யாருக்கு என்பதில் போய் முட்டிக்கொள்கிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அது ரொம்ப வசதி.

என் கண்ணுக்கு மாதாமாதம் ஊசி நடக்கிறது. கர்ட்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். பிள்ளை என்றால் உன் பிள்ளைதான். பனி கொட்டினால் நான் எழுந்திருப்பதற்குள் வாசலை வழித்துவிட்டுப் போயிருப்பான். உன் ஆபீஸையும் நன்றாகத்தான் நடத்துகிறான் என்று ஊரில் பேச்சு.

இப்போது ஒரு கூத்தைக் கேள். பக்கத்து வீட்டு லவோன் பெட்டிஃபோர்டை உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாளே, அவள்தான். பல் ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிறாள். கணவன் ஹோரஸ் பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கிறவன். எங்கள் தெருவில் கறுப்புக் குடும்பம் அது ஒன்றுதான். அவளுடைய அப்பாவுக்கு மாடி ஏற முடியவில்லை. கீழேயே ஓர் அறையும் குளியலறையும் கட்ட வீட்டின் பேரில் கடன் கேட்டிருக்கிறார்கள். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு அடிமாட்டு விலை போட்டுவிட்டாராம். கடன் நின்றுபோயிற்று. அவள் வீடும் என் வீடும் ஒரே ஆள் கட்டியது, ஒரே வரைபடம். சமையலறை அவளுடையதுதான் புதுசு.

அவள் வேலியோரம் வந்து நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "வெர்னா, வேற வங்கியில கேட்டிருக்கேன். புதுசா ஒருத்தர் மதிப்பு போட வர்றாரு. அன்னிக்கு நீங்க எங்க வீட்ல வீட்டுக்காரியா நிக்கணும். நாங்க யாரும் இருக்க மாட்டோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. வெள்ளைக்காரி வீடென்றால் என்ன விலை வரும் என்று பார்க்கத்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் குறுகுறுப்பு. சரி என்றேன். அவர்கள் படங்களையெல்லாம் கழற்றி ஒரு பெட்டியில் வைத்தோம். அவள் அம்மாவின் பெரிய படம் மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. அதை எடுத்துப்போய் மெத்தையில் கிடத்திப் போர்வையால் மூடினாள். பிறகு என் வீட்டுப் படங்களை மாட்டினோம். என் வீட்டுக்காரர் கார்டன் சுட்ட மானின் தலையையும் நான் தூக்கிக்கொண்டு போனேன். லவோன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இது ஒண்ணு போதும் வெர்னா. மத்ததெல்லாம் எதுக்கு?" என்றாள்.

அவர்கள் காரில் கிளம்பிப்போய் மளிகைக் கடை வாசலில் காத்திருந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர், நரைத்த மீசை. "மிஸஸ் பெட்டிஃபோர்டா?" என்று கேட்டார், தலையை ஆட்டினேன். தண்ணீர் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டம்ளர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடினேன். இத்தனை வருஷம் பக்கத்து வீடு, அவள் சமையலறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "என் பொண்டாட்டியும் இப்படித்தான், எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிட்டுத் தேடுவா" என்று சிரித்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. வீட்டுக்கு மதிப்பு போடுவது நீ வாழ்நாளெல்லாம் பார்த்த தொழில், அதனால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்லாவுக்கு என் அன்பு.
அக்கா வெர்னா


டூசான், அரிசோனா
மார்ச் 19, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். மார்லா இப்போது படுத்துத் தூங்குகிறாள். எனக்குத்தான் அவள் குறட்டையில் தூக்கம் போயிற்று. உன் கண்ணைப் பார்த்துக்கொள்.

உன் நாடகத்தைப் படித்தேன். மான் தலைக்குச் சந்தையில் தனி விலை இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அக்கா, மதிப்பீட்டாளர் யாருடைய முகத்தையும் பார்த்து விலை போடுவதில்லை. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற அதே மாதிரி மூன்று வீடுகளை எடுத்துக்கொண்டு, கூட்டிக் கழித்துப் போடுகிற கணக்கு அது. சந்தை சொல்வதை நாங்கள் எழுதுகிறோம். ஒருவர் போட்டதற்கும் இன்னொருவர் போட்டதற்கும் வித்தியாசம் வருவது சகஜம்.

முதல் தடவை கேட்டது எந்த வங்கி? எப்போது வந்து பார்த்தார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வேறொருத்தி பேரைச் சொல்லி நிற்பது விளையாட்டில்லை. இதோடு நிறுத்திக்கொள். அவர்கள் விவகாரத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
எம்மெட்


வில்லோ பிரிட்ஜ்
ஏப்ரல் 4, 2022

அன்புள்ள எம்மெட்டுக்கு,

நான் சுகம். மார்லா தூங்குகிறாள் என்று படித்ததும் நிம்மதி. குறட்டைக்குக் காதில் பஞ்சு வை.

முடிவு வந்துவிட்டது. முதல் ஆள் போட்டதைவிட ஏறக்குறைய பாதி கூடுதல். அதே வீடு, அதே கூரை, அதே குழாய். நடுவில் மாறியது சுவரில் இருந்த படங்களும் கதவைத் திறந்த ஆளும்தான். கடன் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கட்ட ஆரம்பிக்கிறார்கள்.

நான் துள்ளிக் குதித்தேன். கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனேன். லவோன் கதவைத் திறந்தாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. என் படங்களை ஒரு பெட்டியில் துணி சுற்றி அடுக்கி வைத்திருந்தாள். அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வெர்னா, நீங்க செஞ்சது பெரிய உதவி. நான் மறக்க மாட்டேன். ஆனா கொஞ்ச நாளைக்கு உங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. உங்க மேல தப்பு இல்ல. எங்கம்மாவைப் போர்வை போட்டு மூடினேன் பாருங்க, அது என்னை விட்டுப் போக மாட்டேங்குது."

கேக்கைத் திரும்பக் கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலில் எனக்கு முகத்தில் அடித்த மாதிரிதான் இருந்தது. நல்லது செய்யப் போனால் இப்படியா என்று. பிறகு யோசித்தேன். நான் என்ன செய்தேன்? நின்றேன். என் முகத்தோடு நின்றேன், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குத் தவணை கட்டியவள் அவள், சமையலறையைப் புதுப்பித்தவள் அவள். இதில் எனக்குக் கேக் எதற்கு?

நானும் கார்டனும் இந்த வீட்டை வாங்கினபோது மதிப்பு போட வந்தவர் நம் அம்மா செய்த ஆப்பிள் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே காகிதத்தை முடித்தார், நினைவிருக்கிறதா? ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் அதிர்ஷ்டம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். எங்கள் தோலின் நிறத்துக்குக் கிடைத்தது அது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. தோன்ற வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

வங்கி பேர் எனக்குத் தெரியாது. பிப்ரவரி ஆரம்பத்தில் வந்து பார்த்தார்களாம். நீ ஒரே ஒரு விஷயம் சொல். இப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியுமா?

அன்புடன்,
அக்கா


டூசான்
மே 9, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மார்லாவுக்கு மருந்தை மாற்றினார்கள், ஒரு வாரம் அலைச்சல். இப்போது சுகம். வீட்டுக்குப் பின்னால் கள்ளிச் செடி பூத்திருக்கிறது. இங்கே அதைப் பார்க்கக் கூட்டமாக வருகிறார்கள், எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கர்ட் வீட்டில் அக்டோபரில் குழந்தை. உனக்குச் சொல்லியிருப்பான். மார்லா இப்போதே ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

உன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கடன் கிடைத்ததில் சந்தோஷம். காரியம் முடிந்தது இல்லையா? நல்லது.

கண் ஊசியைத் தவறவிடாதே.
எம்மெட்


வில்லோ பிரிட்ஜ்
மே 22, 2022

எம்மெட்டுக்கு,

மார்லா சுகம் என்று அறிந்தேன். அவளுக்கு என் அன்பைச் சொல். குழந்தை விஷயம் கர்ட் என்னிடம் முதலிலேயே சொன்னான், காரிலேயே அழுதுவிட்டான். நானும் அழுதேன்.

காரியம் முடியவில்லை. லவோன் மதிப்பீட்டாளர்களுக்கு உரிமம் கொடுக்கிற மாநில வாரியத்துக்குப் புகார் எழுதப் போகிறாள், முதலில் வந்து விலை போட்டவர் மேல். போன ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் கூப்பிட்டுச் சமையலறையில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். நான் நடித்ததைச் சத்தியப் பிரமாணத்தோடு சொல்ல வேண்டுமாம். வேறு எதையும் மாற்றவில்லை, ஆள் மட்டும்தான் மாறினது என்று ஒரு சாட்சி இல்லாவிட்டால் புகார் நிற்காதாம்.

உன்னை மாதிரிதான் நானும் கேட்டேன். கடன்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு? அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "எனக்குப் பக்கத்து வீட்ல ஒரு வெர்னா இருந்தீங்க. அடுத்தாப்ல அந்த ஆள் போற வீட்டுக்குப் பக்கத்துல யாரு இருக்கா?" என்றாள். சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு மூச்சு விட்டு, "நீங்க சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும். முதல்ல வந்தது உங்க தம்பி பையன்" என்றாள்.

அவன் என் புல்லை வெட்டும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கையசைக்கிறவன். அவளுக்கு அவனை நன்றாகத் தெரியும். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தா அன்னிக்கு வந்து நின்னிருப்பீங்களா?" என்றாள். வந்திருப்பேன் என்று வாய் வரை வந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவன் எடுத்துக்கொண்ட மூன்று வீடுகளும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர்கள் இருக்கிற இடத்தில் விற்றவை. எங்கள் தெருவிலேயே போன வருஷம் இரண்டு வீடுகள் விற்றன. அவனுக்குத் தெரியாதா? அந்த இரண்டையும் காட்டித்தானே, "அத்தை, உங்க வீட்டுக்கு நல்ல விலை வரும்" என்று என்னிடம் சொன்னான்.

எந்த வங்கி, எப்போது என்று நீ மார்ச் மாதம் கேட்டாய். சும்மா கேட்டேன் என்றாய். உனக்குத் தெரியுமா, எம்மெட்?

அக்கா


டூசான்
ஜூன் 3, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். உன் சுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.

இந்தத் தடவை உடனே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே கர்ட்டிடம் பேசினேன். அவன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். அவனை நீ தூக்கி வளர்த்திருக்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை அதிகம், அவசரத்தில் எடுத்த வீடுகள். அவ்வளவுதான். அதை இனவெறி என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

வாரியம் என்றால் உரிமம் போகும். உரிமம் போனால் ஆபீஸ் போகும். பிறக்கப்போகிற குழந்தைக்கு நீ செய்கிற சீர் இதுதானா? அந்தப் பெண்ணுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, கேட்டது கிடைத்துவிட்டது. நீ சாட்சி சொல்ல மாட்டேன் என்றால் விஷயம் தானாக அடங்கிவிடும். யாரையும் எதிர்க்க வேண்டாம். பேசாமல் இரு, அது போதும்.

மார்லாவிடம் நான் சொல்லவில்லை. அவள் மூச்சுக்கு இது ஆகாது.

உன் தம்பி,
எம்மெட்


வில்லோ பிரிட்ஜ்
ஜூலை 11, 2022

அன்புள்ள எம்மெட்டுக்கு,

நான் சுகம். வெயில் கொளுத்துகிறது. மார்லாவிடம் நீ மறைப்பது சரியில்லை, ஆனால் அது உங்கள் பாடு.

கர்ட் வந்தான். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிட்டு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை அத்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லையே, அந்த வீட்டுக்குள் போனபோது உனக்கு என்ன தோன்றியது, அதை மட்டும் சொல் என்றேன்.

பிறகு சொன்னான்: "முதல்ல உங்க தெரு வீடுங்களைத்தான் எடுத்தேன். வந்த தொகை ஜாஸ்தியா பட்டுச்சு. ஏன் ஜாஸ்தின்னு தோணுச்சுன்னு எனக்கே சொல்லத் தெரியல. அப்பாவுக்கு போன் போட்டேன். அவங்க எப்படிப்பட்ட குடும்பம்னு கேட்டாரு. சொன்னேன். அப்ப பாதைக்கு அந்தப் பக்கம் எடுத்துப் பாருன்னாரு."

நீ இதை எனக்கு எழுதவில்லை, எம்மெட். கள்ளிப்பூவைப் பற்றி எழுதினாய்.

உன் மேல் எனக்குக் கோபமா என்றால், ஆமாம், இருக்கிறது. ஆனால் அதைவிட என் மேல்தான் எனக்கு எரிச்சல். அவன் போனதும் நான் முதலில் நினைத்தது லவோனைப் பற்றி இல்லை. இனிமேல் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்றுதான் நினைத்தேன். நீ 'பேசாமல் இரு, அது போதும்' என்று எழுதினாய் பார், அது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. பேசாமல் இருந்தால் என் வாசலில் பனி இருக்காது, பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம், உன் கடிதம் வரும். ஒரு பைசா செலவு இல்லை. அந்தச் செலவு முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் போகிறது.

நான் சாட்சி சொல்லப் போகிறேன். கர்ட்டிடம் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அன்பு குறையாத,
அக்கா


டூசான்
ஆகஸ்ட் 2, 2022

வெர்னாவுக்கு,

சுகம். அவ்விடம் சுகம் அறிய வேண்டிய அவசியம் இனி இல்லை என்று நினைக்கிறேன்.

நான் தொழில் கற்ற காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லவர்கள், சர்ச்சுக்குப் போனவர்கள். இன்று நீ ஒருத்தி வந்து தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். உனக்கு ரத்தத்தைவிட வேலிக்கு அந்தப் பக்கம் பெரிதாகிவிட்டது. போய்ச் சொல். என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே.

எம்மெட் ஹாக்


வில்லோ பிரிட்ஜ்
அக்டோபர் 16, 2022

அன்புள்ள எம்மெட்டுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நீயும் மார்லாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. குழந்தை பிறந்துவிட்டது, பெண், இரண்டு பேரும் நலம் என்று சர்ச்சில் கேள்விப்பட்டேன். யார் ஜாடை என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

விசாரணை முடிந்தது. நடந்ததை அடுத்தவர் வாயால் நீ கேட்கக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன்.

மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்கு லவோனின் காரில்தான் போனேன். வாரியத்தில் மூன்று பேர், மூவரும் நம்மைப் போல வெள்ளைக்காரர்கள். கர்ட் எதிர்வரிசையில், வக்கீலோடு. கார்டன் செத்தபோது போட்டிருந்த அதே கோட். முதலில் லவோன் பேசினாள். கையில் ஒரு காகிதமும் இல்லை, எல்லாம் மனப்பாடம். இரண்டு வீட்டுக்கும் ஒரே வரைபடம், எங்கள் தெருவில் விற்ற வீடுகள், பாதைக்கு அந்தப் பக்கம் எடுத்த வீடுகள், எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னாள். அவர்கள் கேள்வி கேட்டார்கள். முதல் ஆள் வந்த அன்று வீடு சுத்தமாக இருந்ததா? அவரிடம் ஏதாவது கடிந்து பேசினீர்களா? உங்களுக்கு இந்தத் தொழில் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் அவள் அமைதியாகப் பதில் சொன்னாள். மடியில் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள், இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி அம்மா என்றார்கள். வக்கீல் எழுந்து, நீங்கள் பொய் சொல்லி நடித்தீர்களா என்று கேட்டார். ஆமாம், தலையை ஆட்டினேன், அது பொய்தான் என்றேன். அந்தப் பொய்யை ஒரு நிமிஷம்கூட யாரும் சந்தேகப்படவில்லை, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன். மீதியையும் சொன்னேன். நடுவில் ஒரு தெருப் பேரைத் தப்பாகச் சொன்னேன், தலைவர் தானாகவே திருத்திக் கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவ்வளவுதான், உட்காரலாம் என்றார்கள். நான் உட்காரவில்லை.

"நான் புதுசா ஒண்ணும் சொல்லல. எல்லாத்தையும் இந்தம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க, என்னைவிடத் தெளிவா. அப்ப உங்க மூணு பேர்ல ஒருத்தர்கூட பேனாவைத் தொடல. நான் வாயைத் திறந்ததும் எழுத ஆரம்பிச்சிட்டீங்க. இதையேதான் என் தம்பி பையனும் செஞ்சான். அவனுக்குத் தண்டனை கொடுக்கறதுக்கு முன்னாடி, ஏன் எழுதலன்னு எனக்குச் சொல்லுங்க."

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்படும் என்றார். லவோன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இப்பவாவது எழுதுங்க" என்றாள். அவர் எழுதினார்.

வெளியே வரும்போது கர்ட் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், பழக்கத்தில். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைத் தொடவேண்டும் போல இருந்தது, தொடவில்லை. எம்மெட், என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான கதவை நான் தாண்டினதில்லை.

திரும்பும் வழியில் லவோன் ஒரு கடையில் நிறுத்தி, எனக்குப் பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தாள். நன்றாகத்தான் பேசினேன் இல்லையா என்று கேட்டேன், எனக்கு இன்னும் அந்தப் பாராட்டு ஆசை விடவில்லை. அவள் சிரித்தாள். "நல்லாப் பேசினீங்க. ஆனா அந்தக் குரல்ல நான் பேசியிருந்தா காவலாளியைக் கூப்பிட்டிருப்பாங்க, தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். மார்ச் மாதம் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

முடிவு வர இன்னும் சில மாதம் ஆகுமாம். உன் கோபம் எனக்குப் புரிகிறது. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் உன் அக்காதான்.

மார்லாவைப் பார்த்துக்கொள்.
வெர்னா


டூசான்
டிசம்பர் 1, 2022

அன்புள்ள அண்ணிக்கு,

மார்லா எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நானும் சுகம், ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. உங்கள் கண் எப்படி இருக்கிறது? ஊசிக்கு யார் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் ரொம்ப நாள் பிரிக்காமலே குளிர்சாதனப் பெட்டி மேல் கிடந்தது. நான்தான் பிரித்தேன். படித்துவிட்டு, மீதிக் கடிதங்கள் எங்கே என்று அவரிடம் கேட்டேன். கொடுத்தார். எல்லாவற்றையும் படித்தேன். என் மூச்சுக்கு ஆகாது என்று மறைத்தாராம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணி, கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவர் கர்ட்டைக் கூப்பிட்டு, அந்த அம்மா வீட்டுக்கு அவன் போட்ட மதிப்பீட்டை அனுப்பச் சொன்னார். வந்ததும் என்னிடம் கொடுத்து, பேர் இருக்கிற இடத்தை மடித்துக் கொடு என்றார். மடித்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் செய்கிற மாதிரியே பென்சிலை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து போட்டார். யார் வீடு என்றே தெரியாத மாதிரி போட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. முடித்ததும் தொகை என்ன வந்தது என்று கேட்டேன். வெளியே போய்க் காரைக் கழுவினார். கார் சுத்தமாகத்தான் இருந்தது.

இன்று காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த வாரியத்தின் முகவரி வெர்னாவிடம் இருக்குமா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், போனில் கர்ட்டுக்குத் தான் சொன்னதை எழுதத்தான். கர்ட் நான் பெற்ற பிள்ளை.

இருந்தாலும் அனுப்புங்கள் அண்ணி. அவர் மனசு மாறுவதற்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
மார்லா